மதுரைக்குப் போன அளவுச் சட்டை

யோகராஜ் மாஸ்டருக்குப் பிடிக்காதவற்றைச் சொல்லத் தொடங்கினால், தெஹியோவிட்டவில் பஸ் ஏறி அவிசாவளையில் இறங்கும் வரைக்கும் சொல்லிக்கொண்டே போகலாம். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருக்கும் சனத்தைப் பிடிக்காது. அவருடைய தாத்தா அதே லயத்தில் குடியிருந்து ரப்பர் பால் வெட்டியவர் என்பது வேறு விஷயம். டவுன் தையல்காரர் மர்சூக்கின் தையல் பிடிக்காது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவனைப் பிடிக்காது. தோட்டப் பாடசாலையில் அவர் படிப்பிக்கும் பிள்ளைகளைப் பிடிக்கவே பிடிக்காது. எதற்கெடுத்தாலும் ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்பார். அதில் கற்பூரம் யார் என்பதில் மட்டும் அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

அவருடைய ஒரே தங்கை விஜயகலா. முப்பத்திரண்டு வயது. பால் வெட்டப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளை, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்வது அவளுடைய வேலை. மிச்ச நேரத்தில் அண்ணனைப் பார்த்துக்கொள்வாள். குழந்தைகள் எவ்வளவோ தேவலை. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷமாகிறது. அண்ணன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவருக்கு ஏற்ற பெண் இன்னும் பிறக்கவில்லையாம். ஆகவே அவருடைய சோறு, தேத்தண்ணி, வெந்நீர், சட்டை எல்லாம் தங்கையின் தலையில்.

சட்டை என்றால் ஆறு. ஆறும் வெள்ளை, ஆறும் முழுக்கை, ஆறும் ஒரே துணி. பள்ளிக்கூடத்துக்கு ஐந்து, வெளியே போக ஒன்று. அவற்றை டோபி அழகமுத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருவார். பக்கத்துத் தோட்டத்துக்கும் அவர்தான் டோபி. யாருடைய துணி எது என்று தெரிய, காலரின் உள்பக்கம் சேங்கொட்டை மையால் வீட்டுக்கு ஒரு குறி போடுவார். மாஸ்டர் வீட்டுக் குறி இரண்டு புள்ளியும் கீழே ஒரு கோடும். விஜயகலா ஒவ்வொரு காலராகத் திருப்பிக் குறி பார்த்து எண்ணி வாங்கி, தினம் ஒன்றாகத் தேய்த்துக் கதிரை முதுகில் தொங்கவிடுவாள். மாஸ்டர் கையை நுழைப்பார். அந்தச் சட்டைக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான்.

அழகமுத்து செய்கிற இன்னொரு உபகாரமும் உண்டு. கொழும்புக்கு வேலை கேட்டுப் போகிறவனுக்கும், கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கிறவனுக்கும் வெளுத்த மூட்டையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து ஒரு நாளைக்கு இரவல் கொடுப்பார். இது இரண்டு தோட்டத்துக்கும் தெரியும். சட்டைக்குச் சொந்தக்காரர்களுக்கு மட்டும் தெரியாது.

விஜயகலாவுக்கு முதலில் இரண்டு சம்பந்தம் வந்தது. இரண்டையும் கெடுத்தது மாஸ்டரின் வாய். கரவனெல்லயில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்த மாப்பிள்ளையிடம், கட்டில் தள்ளுகிற வேலையா கக்கூஸ் கழுவுகிற வேலையா என்று கேட்டார். அவர்கள் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். பெல்மதுளையிலிருந்து வந்தவர்களிடம், மாணிக்கக் குழியில் சேறு குடிக்கிறவனுக்கு ஆசிரியர் வீட்டுப் பெண்ணா என்று சிரித்தார். அவர்கள் தேத்தண்ணி வரும் வரைக்கும்கூட இருக்கவில்லை. முதல் தடவை விஜயகலா அழுதாள். இரண்டாவது தடவை அழவில்லை. அண்ணனுக்குத் தங்கையைக் கட்டிக்கொடுக்கிற எண்ணமே கிடையாது, சட்டை தேய்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான் என்று விளங்கிக்கொண்டாள். அன்றைக்கு அவள் மனசில் அண்ணன் என்ற மனுஷர் சுருங்கிப் போனார். மேலுக்கு ‘அண்ணே, வாங்க, சாப்பிடுங்க’ என்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

மூன்றாவதாக வந்தவன் பிரதீபன். பக்கத்துத் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில், பால் ஷீட்டுகளைப் புகை போடும் அறைக்குப் பொறுப்பு. அப்பா இல்லை; அம்மா இலட்சுமி மட்டும். பெண் பார்க்க வந்த அன்று காலர் திருப்பித் தைத்த சட்டை போட்டிருந்தான். கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. அண்ணனுக்குப் பக்கத்தில் அவன் நிற்பதை விஜயகலா திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். தேத்தண்ணி குடித்து முடித்ததும் அவன் வெறும் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு குசினி வாசலுக்கே வந்துவிட்டான். வாசல் நிலையில் கலண்டர் தொங்கும் ஆணி அவன் நெற்றிக்கு நேராக இருந்தது.

“தேத்தண்ணி நல்லா இருந்திச்சிங்க. கிளாஸ எங்க வைக்கிறது?” என்று கேட்டான்.

கிளாஸை எங்கே வைப்பது என்று கேட்ட ஆண்பிள்ளையை விஜயகலா அந்த வீட்டில் அதுவரை கண்டதில்லை. கட்டினால் இவனைத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

மாஸ்டர் அன்றைக்குச் சம்மதம் சொன்னதற்கும் காரணம் உண்டு. மூன்றாவதையும் கெடுத்தால் ஊர் தன்னைத்தான் பேசும் என்று அவருக்குப் பயம். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? அவர்கள் முற்றத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே, வீடெல்லாம் ரப்பர்ப் புகை நாற்றம், ஜன்னலைத் திற என்று உரத்துச் சொன்னார். இலட்சுமியம்மா ஒரு கணம் குனிந்தபடியே நின்றார். பிறகு ஒன்றும் கேளாதவர் போல நடந்தார். புகை அறையில் வேலை செய்கிறவன் துணியை எத்தனை தரம் அலசினாலும் அந்த வாசம் போகாது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாதா?

அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. சண்டை ஓய்ந்திருந்த சமயம். நாலு காசு உள்ளவர்களெல்லாம் இந்தியாவுக்குப் போய் வந்தார்கள். மாஸ்டருக்கும் ஆசை வந்தது. கல்யாணத் துணியை மதுரையில் தைத்தால் தோட்டத்தில் ஒருத்தன் வாய் திறக்க முடியாது என்று கணக்குப் போட்டார். கூறைச்சேலை மதுரையில், ரவிக்கை மதுரையில், மாப்பிள்ளைக்குக் கோட்டும் மதுரையில். கால்சட்டையை மட்டும் இங்கேயே தைத்துக்கொள்ளட்டும், கால்சட்டையை யார் பார்க்கிறார்கள் என்பது அவர் வாதம். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வேண்டுமே என்று தங்கையையும் கூட்டிப்போகத் தீர்மானித்தார். போகிற இடத்திலும் யாராவது சட்டை தேய்க்க வேண்டுமல்லவா.

மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பி, அளவுச் சட்டை ஒன்று கேட்டார். நல்லதாக, நாற்றமில்லாததாக இருக்கட்டும் என்று மறக்காமல் சொல்லியனுப்பினார். மதுரைப் பேச்சையே எடுக்கவில்லை. அதைக் கடைசியில் சொல்லி அசத்துவதாக எண்ணம். இலட்சுமியம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பத்திரிகைத் தாளில் சுற்றி நூல் கட்டிய பார்சலை விஜயகலாவின் கையில் கொடுத்துவிட்டு, உட்காரவும் மாட்டேன் என்று போய்விட்டார். பிரிக்காதே, பொலித்தீன் பையில் போட்டு அடியில் வை, என் உடுப்போடு படக்கூடாது என்றார் மாஸ்டர். அவளும் அப்படியே வைத்தாள். பயணத்துக்கென்று மாஸ்டர் புதிதாக இரண்டு சட்டை வாங்கியிருந்தார்; வெள்ளைச் சட்டை ஆறும் வெளுப்புக்குப் போய் அந்த வாரம் டோபியிடமே இருந்தன. மறுநாள் கட்டுநாயக்கவில் விமானம் ஏறித் திருச்சியில் இறங்கி, பஸ் பிடித்து மதுரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

போன இடத்தில் மாஸ்டரை யாராவது மாலை போட்டு வரவேற்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. கோயிலுக்கு எதிரே, கல் தூண்கள் வரிசை வரிசையாக நிற்கும் ஒரு பழைய மண்டபம். கல்லில் செதுக்கிய ராஜாக்களின் காலடியில் தையல் மெசின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. வெள்ளைக்காரர்களைப் பார்த்துத் தையல்காரர்கள் இங்கிலிஷில் கூப்பிட்டார்கள். மாஸ்டரை யாரும் கூப்பிடவில்லை. தானாகவே ஒரு கடைக்குப் போய், அளந்து அளந்து புத்தகத் தமிழில் பேசினார். தையல்காரர் தலையை நிமிர்த்தி, பேச்சைக் கேட்டுவிட்டு, மிகவும் இரக்கத்தோடு கேட்டார்.

“சிலோனா? எந்த கேம்ப்புல இருந்து வர்றீங்க?”

மாஸ்டருக்கு முகம் செத்துப்போயிற்று. தான் அகதி இல்லை, அரசாங்க ஆசிரியர், விமானத்தில் வந்தவர் என்று பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினார். தையல்காரர் அதைப் பார்க்காமலே தலையாட்டிவிட்டு, அளவுச் சட்டை இருக்கிறதா என்று கேட்டார். தோட்டத்துச் சனத்தைப் பார்த்து இருபது வருஷமாக மூக்கைச் சுளித்தவருக்கு அன்றைக்கு மதுரையில் கிடைத்த இடம் இதுதான். விஜயகலாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவும் அவள் பெரிதாகச் சிரமப்படவில்லை.

பட்ட அவமானத்தை யார் மேலாவது இறக்க வேண்டும். மாஸ்டர் பார்சலைத் தையல்காரர் பக்கம் தள்ளினார். அவர் நூலை அறுத்துத் தாளைப் பிரித்து, வெள்ளைச் சட்டையை மேசையில் விரித்தார். மாஸ்டர் இரண்டு விரலால் அதன் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டார்.

“பாருங்க. மாப்பிள்ளையோட சொத்துலயே பெரிய சொத்து இதுதான். துணியப் பாருங்க, பட்டனப் பாருங்க. இதப் போட்டுக்கிட்டு ஒருத்தன் வெளிய வர்றான்னா அவனுக்கு வெக்கமே இல்லன்னு அர்த்தம்.”

பக்கத்துக் கடைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரர் சட்டையை ஒரு பார்வையும் மாஸ்டரின் வயிற்றை ஒரு பார்வையும் பார்த்தார். தொழில் தெரிந்த மனுஷர். இது உங்கள் அளவு மாதிரியே இருக்கிறதே சார் என்றார். மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் அளவாம்! இந்தச் சட்டையைத் தான் தொடக்கூட மாட்டேன் என்றும், வேலை முடிந்ததும் மெசின் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், திருப்பித் தர வேண்டாம் என்றும் சொன்னார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது விஜயகலா, பழக்கதோஷத்தில், சட்டைக் காலரைத் திருப்பினாள். உள்ளே இரண்டு புள்ளி. கீழே ஒரு கோடு.

மூன்றாவது பட்டனைப் பார்த்தாள். அதைப் போன மாசம் வெள்ளை நூல் தீர்ந்துபோய் மஞ்சள் நூலால் அவளே தைத்திருந்தாள். மஞ்சள் நூல் இருந்தது. சந்தேகமே இல்லை, அண்ணன் இவ்வளவு நேரம் காறித் துப்பியது தன்னுடைய சொந்தச் சட்டையைத்தான்.

யாரும் அவளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புகை வாசம் அடிக்கிற மகன் சட்டையைக் கொடுத்துவிட இலட்சுமியம்மாவுக்கு வெட்கம். அழகமுத்துவிடம் போய் ஒரு நாளைக்கு நல்ல சட்டை ஒன்று கேட்டிருப்பார். அழகமுத்து மூட்டையில் மேலாக இருந்ததை எடுத்துக் கொடுத்திருப்பார். அது யாருடையது என்று அந்த அம்மா கேட்டிருக்கமாட்டார். எதற்கு என்று டோபியும் கேட்டிருக்கமாட்டார். டவுனில் எங்கேயோ அளவெடுத்துவிட்டுச் சாயந்தரமே திருப்பித் தருவார்கள் என்று நினைத்த சட்டை கடல் தாண்டி வந்துவிட்டது.

முதலில் அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அடுத்த கணமே காலரைப் பழையபடி மடித்துவிட்டாள். இது அண்ணனுக்குத் தெரிந்தால் கல்யாணம் அத்தோடு முடிந்தது. டோபியிடம் இரவல் வாங்குகிற வீடு என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லியே அவர்களைத் தலைகுனிய வைத்துவிடுவார். தெரியாமல் போனாலும் ஆபத்துதான். இந்தச் சட்டையின் அளவுக்குக் கோட்டுத் தைத்தால் பிரதீபன் அதற்குள் நீந்துவான். அப்போது பேச்சு வரும், விசாரணை வரும், எல்லாம் வெளியே வரும்.

நல்லவேளையாக ரவிக்கைக்கு அளவெடுக்கும் நேரம் வந்தது. தையல்காரரின் மனைவி நாடாவை எடுத்துக்கொண்டு எழுந்ததும், மாஸ்டர் கௌரவமாக ஒதுங்கிப் போனார். நாலு தூண் தள்ளி நின்று, ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்கு அந்தத் தூண்களைப் பற்றி இங்கிலிஷில் படிப்பிக்கத் தொடங்கினார். தூண்களை அவரே அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

“அக்கா, ஒரு உதவி. அந்தச் சட்டை அளவுல கோட்டு தைக்க வேணாம். அது மாப்பிள்ளையோடது இல்ல” என்றாள் விஜயகலா, குரலைத் தாழ்த்தி.

“பெறகு யாரோடது?”

“அந்தா நின்னு பேசுறாரே, எங்க அண்ணன். அவரோடதுதான்.”

அந்த அம்மாள் மாஸ்டரைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்குத் தெரியாதா என்று கேட்டாள்.

“தெரியக்கூடாதுக்கா. தெரிஞ்சா எனக்குக் கல்யாணம் இல்ல.”

அதற்குப் பிறகு அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அளவு வேண்டுமே, அவரை எத்தனை தடவை பார்த்திருக்கிறாய் என்று கேட்டாள். ஒரே ஒரு தடவை என்றாள் விஜயகலா. ஒரு தடவை பார்த்து எப்படிச் சொல்வாய் என்றதற்கு, அண்ணன் சட்டையைப் பதினைந்து வருஷமாகத் தேய்க்கிறேன், அதில் எங்கே கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதாதா என்றாள். பிறகு சட்டையின் மேல் கையை வைத்துக் காட்டத் தொடங்கினாள். தோள் இரண்டு விரற்கடை குறைய வேண்டும். கை ஒன்றரை அங்குலம் நீள வேண்டும், அவருக்கு இருக்கிற சட்டையே மணிக்கட்டுக்கு மேலே நிற்கிறது. உயரம் கூடுதல், அண்ணன் தலைக்கு நாலு விரல் மேலே இருக்கிற ஆணி அவருக்கு நெற்றி நேரே வருகிறது. வயிறு கிடையாது, அந்த இடத்தை நன்றாகப் பிடித்துவிட வேண்டும். சொல்லச் சொல்ல அவளுக்கு முகம் சிவந்தது. தொடாத ஒருவனின் தோளையும் முதுகையும் நடுச்சந்தை மாதிரி ஒரு இடத்தில் நின்று விரல் விரலாகச் சொல்லுகிறோமே என்று கூச்சமாக இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை. அந்த அம்மாள் நீலச் சோக்கால் அண்ணனின் சட்டை மேலேயே ஒவ்வொரு இடத்திலும் கோடு போட்டுக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கோட்டு வந்தது. மாஸ்டர் அதைத் தூக்கிப் பார்த்து, இவ்வளவு நல்ல கோட்டு அவன் உடம்புக்கு அநியாயம் என்றார். பொட்டலத்தின் அடியில், பழைய பத்திரிகைத் தாளிலேயே சுற்றி, அந்த அளவுச் சட்டையும் இருந்தது. அதை விஜயகலா மட்டும் பார்த்தாள்.

ஊருக்கு வந்ததும் சட்டையை ஓசைப்படாமல் அழுக்கு மூட்டையில் போட்டு அனுப்பிவிடுவது, விஷயத்தை அத்தோடு புதைத்துவிடுவது என்பதுதான் அவள் எண்ணம். ஆனால் அவர்கள் வந்து சேர்ந்தது சனிக்கிழமை. மறுநாள் விடிந்ததும் அழகமுத்து வந்துவிட்டார், அவள் குசினியில் இருக்கும்போது. சட்டை எங்கே போயிற்று என்பதை இலட்சுமியம்மாவிடம் கேட்டறிந்த நாளிலிருந்து அந்த மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. பயந்தவன் வாய் பொய்க்குப் போகாது. வாசலில் நின்ற மாஸ்டரிடம், ஐந்து சட்டைதான் இருக்கிறது, ஒன்று குறைகிறது என்று தானாகவே சொல்லிவிட்டார்.

மாஸ்டர் ஆடிவிட்டார். திருட்டுப் பயல் என்றார். தன் சட்டை எப்பேர்ப்பட்ட சட்டை தெரியுமா என்றார். யாருக்குக் கொடுத்தாய் என்று சொல்லாவிட்டால் தோட்டத் துரையிடம் சொல்லி இருக்கிற காம்பராவையும் பிடுங்க வைப்பேன் என்றார். அழகமுத்து தோள் துண்டைக் கையில் எடுத்துப் பிசைந்தார். வாயைத் திறந்தார். இலட்சுமி என்ற பெயர் வெளியே வருவதற்கு ஒரு மூச்சுத்தான் பாக்கி.

“சட்டை இங்க இருக்கு” என்று விஜயகலா வெளியே வந்தாள்.

தாளைப் பிரித்து மேசையில் விரித்தாள். சட்டையெல்லாம் நீலச் சோக்குக் கோடு. மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, இது அந்தப் பயல் சட்டை அல்லவா, மதுரையில் போட்டுவிட்டு வரச் சொன்னேனே என்றார். விஜயகலா காலரைத் திருப்பிக் காட்டினாள். பிறகு டோபியின் மூட்டையிலிருந்து ஐந்து சட்டைகளையும் எடுத்து, ஒவ்வொன்றின் காலரையும் திருப்பிப் பக்கத்தில் வைத்தாள். ஆறு காலரிலும் இரண்டு புள்ளி, ஒரு கோடு. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். யோகராஜ் மாஸ்டருக்குத் தன் காலரே தெரிந்திருக்கவில்லை.

“என் சட்ட எப்படி அங்க வந்திச்சி?” என்றார். குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

அவள் அழகமுத்துவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் உளறிவிடுவார் என்று தெரியும்.

“நாந்தான் அண்ணே வச்சேன். அவங்க குடுத்த சட்டைய எடுத்துட்டு, இவருகிட்ட கேட்டு உங்க சட்டைய வாங்கி வச்சேன். எப்படியும் அவரு சட்டைய நீங்க நாலு பேருக்கு முன்னால திட்டுவீங்கன்னு தெரியும். திட்டுறது உங்க சட்டையாவே இருக்கட்டும்னு வச்சேன். திட்டினீங்க.”

பதினைந்து வருஷத்தில் அவள் அண்ணனிடம் சொன்ன முதல் பொய் அது. அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இருக்கவில்லை. இத்தனை நாளும் பேசிய உண்மைகளையெல்லாம்விட இது எவ்வளவோ மேல் என்று பட்டது.

மாஸ்டர் கதிரையில் உட்கார்ந்தார், எழுந்தார். இந்தக் கல்யாணம் நடக்காது என்றார். நடக்க விடமாட்டேன் என்றார்.

“சரிங்க. நடக்கலன்னா ஏன்னு ஊரு கேக்கும். கேட்டா நான் சொல்லணும். ‘துணியப் பாருங்க, பட்டனப் பாருங்க, இதப் போட்டுக்கிட்டு ஒருத்தன் வெளிய வர்றான்னா அவனுக்கு வெக்கமே இல்லன்னு அர்த்தம்.’ ஒரு வார்த்த விடாம சொல்லுவேன். இஸ்கூல்லயும் சொல்லுவேன்.”

அழகமுத்து சட்டென்று குனிந்து காலில் எதையோ தட்டினார். காலில் ஒன்றும் இல்லை. சிரிப்பை எங்கேயாவது மறைக்க வேண்டுமே. அந்தக் குனிந்த முதுகைப் பார்த்ததும் மாஸ்டருக்கு ஊர் எப்படிச் சிரிக்கும் என்பது தெரிந்துபோயிற்று. நாளைக் காலை பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் எப்படிக் குனிவார்கள் என்பதும் தெரிந்துபோயிற்று. தங்கையின் வாழ்வைக் கெடுக்க அவர் பயந்ததில்லை. பிறத்தியார் சிரிப்புக்குப் பயந்தார். அவ்வளவு சின்ன மனுஷர்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. கோட்டு பிரதீபனுக்கு அளவெடுத்து ஒட்டிய மாதிரி இருந்தது. தோள் சரி, கை சரியாக மணிக்கட்டில் வந்து நின்றது. இலட்சுமியம்மா தூர நின்று மகனை மேலும் கீழும் பார்த்துக்கொண்டேயிருந்தார். சாமிக்கு நேர்ந்தது பலித்துவிட்டது என்று நினைத்திருக்கலாம். வந்த சனமெல்லாம் மதுரைத் தையல் மதுரைத் தையல் என்றது. எல்லாம் தன் தெரிவு என்று மாஸ்டர் வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அவர் போட்டிருந்தது அதே சட்டைதான். நீலச் சோக்கு முழுசாகப் போகவில்லை; வயிற்றுப் பக்கம் மெல்லியதாக ஒரு கோடு தெரிந்தது.

போட்டோ பிடிக்க நின்றபோது பிரதீபன் அவள் பக்கம் சாய்ந்தான். பொய்யோடு வாழத் தெரியாத முகம்.

“அந்த அளவுச் சட்ட என்னோடது இல்லிங்க. அம்மா...”

“தெரியும். அதனாலதான் அதுல தைக்க வேணாம்னு சொன்னேன்” என்றாள் விஜயகலா.

அவன் கோட்டின் கையை ஒரு தடவை பார்த்தான். அவளுடைய பூமாலையின் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்ததை நேராக எடுத்துவிட்டான்.

சாயந்தரம் வேன் வந்தது. இலட்சுமியம்மா முன்னால் ஏறினார், பிரதீபன் அவளுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தான். பிள்ளைக் காம்பராக் குழந்தைகளின் தாய்மாரெல்லாம் வேனைச் சுற்றி நின்று அழுதார்கள். என்னதான் இருந்தாலும் கூடப் பிறந்தவர், கடைசியில் ஒரு நல்ல வார்த்தை சொல்லுவார், அப்போது தனக்கும் அழுகை வரும் என்று விஜயகலா கண் துடைக்க லேஞ்சியைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். நினைத்தது போலவே மாஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கண் கலங்கித்தான் இருந்தது. சனம் விலகி வழிவிட்டது. அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகக் கேட்டார்.

“நாளைக்கு ஞாயித்துக்கெழம. டோபி வருவான். அந்தக் குறி... கோடு மேலயா, புள்ளி மேலயா?”

விஜயகலா லேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“காலரத் திருப்பிப் பாருங்க அண்ணே” என்று சொல்லிவிட்டு, வேனை எடுக்கச் சொன்னாள்.